தப்பு வெட்டினவருடையது, பேர் தைத்தவனுக்கு

தையல் தொழிலுக்குள் பெரிய ஆள், சின்ன ஆள் கணக்கு ஒன்று உண்டு. துணி வெட்டுகிற மாஸ்டர்தான் ராஜா. கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு மேஜைக்குப் பின்னால் அவர் நிற்கிற நிற்பே தனி. அடுத்து மிஷினில் உட்காருபவர்கள். அவர்களிலும் கோட்டுத் தைப்பவருக்கு ஒரு மரியாதை, பள்ளிக்கூட யூனிபார்ம் தைப்பவருக்கு வேறு மரியாதை. அப்புறம் காஜா எடுப்பவர், பட்டன் வைப்பவர், வீட்டுக்கு வாங்கிப் போய் ஹெம்மிங் பண்ணிக் கொண்டுவரும் பெண்கள். இந்த வரிசையெல்லாம் முடிந்து, கடைக்கு வெளியே, மாடிப்படிக்கு அடியில், மழை வந்தால் மிஷின்மேல் தார்ப்பாய் போட்டு மூடுகிற இடத்தில் ஒருவன் உட்கார்ந்திருப்பான். அவன்தான் ஆல்ட்ரேஷன்காரன். அதாவது நான்.

என் இடம் விளக்குத்தூண் பக்கம், ரெடிமேட் கடைகள் நெருக்கியடித்து நிற்கிற ஒரு சந்து. தீபாவளி நெருங்கிவிட்டால் அந்தச் சந்தில் யாரும் நடப்பதில்லை, கூட்டம்தான் தள்ளிக்கொண்டு போகும். "பேண்டு நீளமா இருக்கா? அதனாலென்ன, கீழ ஆல்ட்ரேஷன்காரர் இருக்காரு, அஞ்சு நிமிஷ வேலை" என்று மாடியிலிருந்து அனுப்பிவைப்பார்கள். எந்தக் கடிகாரத்தைப் பார்த்து அஞ்சு நிமிஷம் என்கிறார்களோ! பேண்டை ஏற்றுவது, இறக்குவது, இடுப்பைப் பிடிப்பது, பிரித்துவிடுவது, சட்டைக் காலரைத் திருப்பிப் போடுவது, ஜிப் மாற்றுவது, ப்ளவுஸ், சுடிதார், ஸ்கூல் பை, சில நாள் குடைத்துணிகூட. எல்லாம் வரும்.

தொழில் கற்றது புதுமண்டபத்தில். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே, வசந்த விழாவுக்காகத் திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய மண்டபம். இப்போது கடைகளெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. அன்றைக்கு அந்தத் தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல் மிஷின்கள் ஓடும். நாயக்க மன்னர்கள் கல்லில் கைகூப்பி நிற்க, அவர்கள் காலடியில் சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷம் கட்டுகிறவர்களுக்கான உடுப்பு தைத்துக் குவிந்து கிடக்கும். என் தாய்மாமன் அங்கே ஒரு கடையில் மிஷினில் இருந்தார். நான் காஜா பையன். காஜா எடுத்துக்கொண்டே தபாலில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தேன். எதற்கென்று மாமா கேட்டார். எனக்கும் அப்போது பதில் தெரியாது. இப்போது தெரிகிறது: மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு தடியான சொற்பிறப்பு அகராதி வைத்திருக்கிறேன், கூட்டமில்லாத மத்தியானத்தில் அதைப் படிக்கத்தான்.

அந்த அகராதியை நான் கடைசியாக விழுந்து விழுந்து புரட்டியதற்குக் காரணம் ஒரு கல்லூரிப் பெண். அவளுடைய அக்கா கல்யாணத்துக்கு எடுத்த பட்டு ப்ளவுஸ். வேறு எங்கோ தைக்கக் கொடுத்து, கைக்குழியை ஆழமாக வெட்டிவிட்டார்கள். கையைத் தூக்கினால் ப்ளவுஸும் கூடவே மேலே ஏறுகிறது. "முழுசா பாட்ச் பண்ணிட்டாங்கண்ணே" என்றாள். நான் ஒட்டுத்துணி என்று பொருள்படும் 'பேட்ச்' என்று கேட்டுக்கொண்டு, "பேட்ச் எங்க தாயி போட்டிருக்கு? காணோமே" என்று ப்ளவுஸைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அவள் சிரித்துவிட்டு, "பேட்ச் இல்லண்ணே, பாட்ச். சொதப்பிட்டாங்க" என்றாள்.

சொதப்பு. சரியான சொல்தான். இன்றைய ஆங்கிலத்தில் பாட்ச் என்றால் அதுதான் பொருள். கைத்திறன் இல்லாமல் ஒரு வேலையைத் தொட்டு, தொடாமலேயே விட்டிருக்கலாம் என்கிற நிலைக்குக் கொண்டுவருவது. அறுவை சிகிச்சையைச் சொதப்பினால் பாட்ச், திருட்டைச் சொதப்பினாலும் பாட்ச்.

தப்பு செய்வதற்கு ஆங்கிலத்தில் வினைச்சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு தப்பிலிருந்து பிறந்தது. 'எர்' என்பது லத்தீனில் வழிதப்பி அலைவது. புத்தகக் கடைசியில் பிழைதிருத்தப் பட்டியலுக்கு 'எர்ரேட்டா' என்று போடுகிறார்களே, அதுவும் அந்தக் குடும்பம்தான். 'ப்ளண்டர்' வடக்கே ஸ்காண்டிநேவிய மொழிகள் பக்கமிருந்து வந்தது. கண்ணை மூடுவதற்கான பழைய சொல்லோடு உறவுள்ளது, கண்ணை மூடிக்கொண்டு தட்டுத்தடுமாறுவது. இவையெல்லாம் கேட்டதும் விளங்கிவிடுகின்றன. வழி தவறினான், இடறினான், தப்பு நடந்தது. நியாயம்தானே.

பாட்ச் அப்படியில்லை. அகராதியில் அந்த இடத்தைப் படித்ததும் கையிலிருந்த பிளேடைக் கீழே வைத்துவிட்டேன். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தச் சொல் ஆங்கில எழுத்தில் தலைகாட்டும்போது அதற்குப் பொருள் 'பழுது பார்'. கிழிந்ததைத் தை, உடைந்ததைச் சரி செய், அவ்வளவுதான். இழிவு ஒன்றும் கிடையாது. அதற்கு முன்னால் எங்கிருந்து வந்தது என்று அகராதிக்காரர்களுக்கே பிடிபடவில்லை. கொப்புளம், கட்டி என்று பொருள்படும் இன்னொரு பாட்ச் பழைய ஆங்கில விவிலியத்தில் இருக்கிறது. அது பிரெஞ்சு வழியாக வந்த வேறு சொல், இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

விவிலியம் என்றதும் சொல்லிவிடுகிறேன். 1380களில் விக்ளிஃப் என்கிற ஆங்கிலேயச் சமயச் சீர்திருத்தக்காரரின் வழிவந்தவர்கள் லத்தீன் விவிலியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள். அதில் யோசியா மன்னர் காலத்தில் எருசலேம் தேவாலயத்தைப் பழுதுபார்த்த கதை வருகிறது, இரண்டாம் நாளாகமம் 34ஆம் அதிகாரம். ஆட்டம் கண்டு கிடந்த இடங்களையெல்லாம் சீர்செய்தார்கள் என்று சொல்ல அவர்கள் போட்ட வினை இந்த பாட்ச்தான். கோயில் திருப்பணிக்குப் பயன்பட்ட சொல்! நம்மூரில் திருப்பணி செய்தவர் பேரைக் கல்லில் வெட்டி வைக்கிறோம்.

அப்புறம் என்ன ஆயிற்று என்றால், 16ஆம் நூற்றாண்டில் 'பழுது பார்' என்பது 'அரைகுறையாகப் பழுது பார்' என்று ஆகி, அங்கிருந்து 'கெடு' என்று இறங்கிவிட்டது. அந்தக் கால இங்கிலாந்தில் பாட்ச்சர் என்று ஒரு தொழில்காரர் இருந்தார். பழைய துணிக்கு ஒட்டுப்போடுபவர், கிழிசல் தைப்பவர். புதுத்துணி வெட்டுகிற டெய்லர் வேறு, இவர் வேறு. படித்தபோது எனக்கு மாடிப்படிக்கு அடியில் அவரும் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

அவரை எப்படி நடத்தினார்கள் என்பதற்கு ஷேக்ஸ்பியரே சாட்சி. ஒரு நாடகத்தில் ஒரு கிழட்டுப் பிரபு, தனக்குப் பிடிக்காத இரண்டு பேரைப் பார்த்து, உங்கள் தாடி மயிர் ஒரு பாட்ச்சருடைய திண்டுக்குள் அடைக்கக்கூட லாயக்கில்லை என்கிறார். கோரியலேனஸ் என்கிற நாடகம். தாழ்ந்த பொருளுக்கு அளவுகோல் வேண்டுமென்றால் அவருக்குக் கைக்கு அகப்பட்டது பாட்ச்சரின் திண்டு. என் ஸ்டூலிலும் திண்டு உண்டு. வெட்டுத்துணி அடைத்தது. எத்தனையோ கல்யாணப் பட்டின் துணுக்கும், வக்கீல் கோட்டின் துணுக்கும் அதற்குள் இருக்கிறது. தாடிக்கு இடமில்லை.

இன்னொரு நாடகம், 'ட்வெல்ஃப்த் நைட்'. 1602 பிப்ரவரியில் லண்டனில் நடித்தது பதிவாகியிருக்கிறது. அதில் விதூஷகன் ஒருவன் வாய்ச்சவடால் அடிக்கிறான்: கெட்டவனைத் திருந்தச் சொல்லுங்கள், திருந்திவிட்டால் அவன் கெட்டவன் இல்லை. திருந்தாவிட்டால் பாட்ச்சர் அவனைத் தைத்துத் திருத்தட்டும். எப்படித் தைத்தாலும், சரிசெய்த பொருள் என்பது ஒட்டுப்போட்ட பொருள்தான்.

இந்தக் கடைசி வரியோடுதான் எனக்குச் சண்டை. அந்த விதூஷகன் நல்ல பாட்ச்சர் ஒருவரிடம் துணி கொடுத்ததே இல்லை போலிருக்கிறது.

சிகரெட் நெருப்பு பட்டு ஓட்டை விழுந்த பேண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தொடைப்பக்கம், எல்லார் கண்ணிலும் படுகிற இடம். கருகின விளிம்பைக் கத்தரிநுனியால் சுத்தம் செய்ய வேண்டும். அப்புறம் பேண்டின் கால் ஓரத்தை உள்ளிருந்து பிரித்து, மடிப்புக்குள் ஒளிந்திருக்கிற துணியிலிருந்து நூலை ஒவ்வொன்றாக உருவ வேண்டும். கடையில் வாங்குகிற நூல் ஆகாது. எவ்வளவு தேடினாலும் சாயம் ஒத்துப்போகாது. பேண்டின் மேல்பக்கம் வெயிலில் வெளுத்திருக்கும், உள்மடிப்பு புதுசாகவே இருக்கும், ஆகவே உருவிய நூலைக்கூடப் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். டியூப்லைட்டை நம்பினால் போச்சு. கருநீலமும் கறுப்பும் அதன் கீழே அண்ணன் தம்பி. இனி ஊசியால் தறி வேலை. முதலில் பாவு நூலை ஓட்டைக்கு இரண்டு பக்கமும் நல்ல துணிக்குள் கொஞ்சம் தூரம் ஓட்டி இழுக்க வேண்டும். அப்புறம் ஊடைநூலை அதற்குக் குறுக்கே மேலே ஒன்று கீழே ஒன்று என்று நுழைக்க வேண்டும். துணி சாய்வரி நெசவு என்றால் அந்தக் கணக்கும் மாறும், மேலே இரண்டு கீழே ஒன்று என்று, ஒவ்வொரு வரிக்கும் ஓர் இழை தள்ளி. இறுக்கினால் சுருங்கும், தளர்த்தினால் தொளதொளவென்று குமிழும். முடித்ததும் ஈரத்துணி போட்டு இஸ்திரி. கண்ணுக்குத் தெரியக் கூடாது, விரலால் தடவினாலும் தட்டுப்படக் கூடாது.

இவ்வளவும் சரியாக நடந்தால் என்ன நடக்கும்? ஒன்றுமே நடக்காது. பேண்டு பேண்டாக இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு போகிறவரைப் பார்த்து "அடடா, என்ன அழகா டார்னிங் பண்ணியிருக்காங்க" என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் டார்னிங் செய்ததே தெரியாது. சரியாக நடக்கவில்லை என்றால்தான் ஊருக்கே தெரியும். நல்ல மாஸ்டர் வெட்டிய கோட்டு தெருவில் நடந்தால் நாலு பேர் கேட்பார்கள், எங்கே தைத்தது என்று. நல்ல ஆல்ட்ரேஷன்காரன் வேலை தெருவில் நடந்தால் யாருக்கும் தெரியாது. கண்ணில் படுவது மட்டமான ஆல்ட்ரேஷன் மட்டும்தான்.

பாட்ச் என்கிற சொல் ஏன் விழுந்தது என்பதற்கு என் கணக்கு இது. அகராதிக்காரர்கள் இப்படிச் சொல்லவில்லை, பொருள் மாறின வரிசையை மட்டும்தான் சொல்கிறார்கள். நூறு பேர் நூறு துணியைத் தைத்துக் கொடுத்து, தொண்ணூறு யார் கண்ணிலும் படாமல் போய்விட்டால், மீதி பத்தைப் பார்த்துத்தானே ஜனங்கள் அந்த வேலைக்குப் பொருள் சொல்லுவார்கள்? சொல் உருண்டு போகிற பாதையைக் கெட்ட வேலைதான் போட்டுக் கொடுக்கிறது.

இன்னொன்றும் உண்டு. கடைசியாகத் தொட்டவன் தலையில்தான் பழி விழும். அந்தப் பட்டு ப்ளவுஸையே பாருங்கள். கைக்குழியை ஆழமாக வெட்டியது மேஜைக்குப் பின்னால் நின்றவர். வெட்டினது வெட்டினதுதான், துணி முளைக்காது. நல்லவேளை, சேலையோடு வந்த ரன்னிங் ப்ளவுஸ் துணியில் வெட்டியதுபோக ஒரு கை அகலத்துக்கு மிச்சத்தை அந்தப் பெண்ணின் அம்மா பத்திரமாக வைத்திருந்தார். பழைய தையலை பிளேடால் பிரித்து, பட்டில் ஊசி போன ஓட்டைகள் வரிசையாக நிற்கும், அதை ஈரம் காட்டி நகத்தால் நீவி மூடி, அக்குளுக்குக் கீழே வைர வடிவில் ஒரு துண்டு வைத்து, ஜரிகைக்கரை இடம் மாறாமல் கையைத் திரும்ப ஏற்ற வேண்டும். இத்தனைக்குப் பிறகும் மண்டபத்தில் எந்தச் சித்தியாவது உற்றுப் பார்த்து "இதென்னடி அக்குள்ல ஒட்டு?" என்று கேட்டால், அந்த ஒட்டு யார் போட்டது? நான் போட்டது. வெட்டியவர் பேரை யார் கேட்கப்போகிறார்கள்.

பாட்ச் மட்டும் இப்படித் தனியாக விழுந்திருந்தால் விதி என்று விட்டிருப்பேன். அகராதியை மேலே புரட்டினால் கூட்டமே இருக்கிறது. செருப்புத் தொழிலில் அங்கே இரண்டு பேர். புதுத்தோலில் புதுச் செருப்பு செய்பவர் கார்ட்வெய்னர். ஸ்பெயினில் உள்ள கோர்டோபா நகரத்துத் தோலுக்கு அப்போதிருந்த பேரால் வந்த கௌரவமான பட்டம். லண்டனில் அவர்களுக்குச் சங்கம் இருந்தது, இன்னும் இருக்கிறது. பழைய செருப்பைத் தைப்பவர் காப்ளர். அவர் வேலையிலிருந்து வந்த வினை 'காபிள்'. இன்றைக்கு ஆங்கிலப் பத்திரிகையில் கூட்டணி ஆட்சியை அவசர அவசரமாக ஒப்பேற்றினார்கள் என்று எழுத வேண்டுமென்றால் அந்த வினையைத்தான் தூக்கிப் போடுகிறார்கள். கார்ட்வெய்னர் பேரால் எந்தத் திட்டும் இல்லை.

பாத்திரத்துக்குப் போனால் டிங்கர். ஊர் ஊராகப் போய் சட்டி பானை ஓட்டை அடைப்பவர். நம் தெருக்களிலும் ஈயம் பூசுகிறவர் துருத்தியும் அடுப்புக்கரியுமாக வந்து வேப்பமரத்தடியில் குழி பறித்து உட்காருவார், சின்னப் பிள்ளையில் பார்த்திருக்கிறேன். பித்தளை அண்டாவுக்குள் அவர் பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றினால் வெள்ளி மாதிரி பளபளக்கும். அந்த டிங்கரின் தொழிலிலிருந்து வந்த வினைக்கு 17ஆம் நூற்றாண்டிலேயே உருப்படாமல் எதையாவது நோண்டிக்கொண்டிருப்பது என்று பொருள் வந்துவிட்டது. அதே நூற்றாண்டில்தான் ஜான் பன்யன் என்கிற டிங்கர், அப்பாவும் டிங்கர், சிறையில் கிடந்த மனிதர், 1678இல் 'பில்கிரிம்ஸ் ப்ராக்ரஸ்' என்ற நூலை வெளியிட்டார். நம்ம எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அந்தக் கதையை எடுத்துத்தான் 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார். பாத்திரம் ஒட்டின கையிலிருந்து ஒரு தமிழ்க் காப்பியம்வரை வந்திருக்கிறது. ஆனாலும் அந்த வினைச்சொல் நோண்டிக்கொண்டேதான் இருக்கிறது.

நாம் மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. சாணி மெழுகின தரையில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், விரிசலைப் பூசி மெழுகுவது எவ்வளவு பாந்தமான வேலை என்று. என் அப்பத்தா வெள்ளிக்கிழமை விடிகாலையில் மெழுகினால் கைவிரல் தடம் பிறை பிறையாகத் தரையில் நிற்கும். அந்தப் 'பூசி மெழுகு' இப்போது என்ன பொருளில் வருகிறது? ஊழலை மறைத்தால் பூசி மெழுகினார்கள். கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவினால் பூசி மெழுகினார். அப்பத்தாவுக்கு இதைச் சொன்னால் விளக்குமாற்றை எடுத்துவிடும்.

தையலில் மட்டும் தமிழ் கொஞ்சம் நாகரிகமாக நடந்துகொண்டிருக்கிறது என்று தோன்றுகிறது. பழைய காலத்தில் தையலுக்குத் துன்னம் என்று பேர். சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துத் தொழிலாளர்களை வரிசையாகச் சொல்லும் இடத்தில், துணி தைப்பவரைத் துன்னகாரர் என்றும் தோல் தைப்பவரைத் தோலின் துன்னர் என்றும் சொல்கிறது. பொருநராற்றுப்படையில் ஒரு வறுமைப்பட்ட பொருநன் வருகிறான். அவன் உடுத்தியிருப்பது 'வேற்றிழை நுழைந்த துன்னல் சிதாஅர்'. வேறு நூல் நுழைந்து தைத்த கந்தல். வியர்வையில் நனைந்தது, ஈரும் பேனும் குடியிருப்பது. கரிகாலன் அதைக் களையச் செய்து, பாம்புச் சட்டைபோல மெல்லிசான துணி கொடுக்கிறான். நான் சொல்ல வந்தது அந்த 'வேற்றிழை'. அந்தக் கவிஞன் கந்தலைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறான். உள்மடிப்பிலிருந்து நூல் உருவ வழியில்லாதவன் எந்த நூல் கிடைத்ததோ அதைப் போட்டுத் தைத்திருக்கிறான், அது தெரிகிறது, கவிஞன் அதை எழுதிவைத்தான். தைத்தவனைத் திட்டவில்லை. துன்னம் என்கிற சொல்லும் பிற்காலத்தில் திட்டாக மாறவில்லை. வழக்கொழிந்து போயிற்று, அது வேறு விஷயம்.

இதற்கிடையில் உலகம் தலைகீழாகிக்கொண்டிருக்கிறது. முட்டியில் கிழித்தே விற்கிற ஜீன்ஸை ஒரு அம்மா கொண்டுவந்து, "ரெண்டாயிரம் ரூவா குடுத்துக் கிழிசல் வாங்கிட்டு வந்திருக்கான். அவனுக்குத் தெரியாம தச்சுக் குடுங்க" என்றார். தைத்துக் கொடுத்தேன். மறுநாள் மகன் வந்து பிரித்துத் தரச் சொன்னான். இரண்டுக்கும் கூலி வாங்கினேன், அதில் எனக்குக் கூச்சம் இல்லை. இன்னொரு பக்கம், ஒட்டு கண்ணுக்குத் தெரியும்படியே அழகாகப் போடுங்கள் என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். ஜப்பானில் சாஷிகோ என்று ஒரு தையல், நீலத்துணியில் வெள்ளை நூலை வரி வரியாக ஓட்டித் துணிக்கு உரம் சேர்ப்பது. செல்போனில் அதன் படத்தைக் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்கிறார்கள். செய்யலாம், கஷ்டமில்லை. கண்ணுக்குத் தெரியாமல் தைப்பதைவிட இது எவ்வளவோ சுலபம். கூலி மட்டும் இதற்குத்தான் தாராளமாக வருகிறது.

இங்கிலாந்திலும் பாட்ச்சுக்கு ஒரு தம்பி பிறந்து கொஞ்சம் பேர் எடுத்திருக்கிறான். 'பாட்ஜ்' என்பார்கள், 16ஆம் நூற்றாண்டிலேயே பாட்ச்சிலிருந்து பிரிந்த உருவம். கையில் கிடைத்த கம்பியையும் டேப்பையும் வைத்து எதையாவது ஓட வைத்துவிடுவதற்கு அங்கே இந்தச் சொல். அரைகுறை வேலை என்று ஒத்துக்கொண்டே, கொஞ்சம் சிரிப்போடும் பெருமையோடும் சொல்வார்களாம். நம்ம ஊரில் இதை 'ஒப்பேத்திட்டேன்' என்கிறோம், அதே சிரிப்போடு.

இந்தக் கதையையெல்லாம் நான் முழுசாகச் சொன்னது ஒருவரிடம்தான். பைபாஸ் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் ஒரு நண்பர். கார், வேன் எங்கேயாவது மோதி நசுங்கிவந்தால் ஒடுக்கு எடுத்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுப்பவர். சீட்டுத் துணி கிழிந்தால் என்னிடம் அனுப்புவார். அவர் பட்டறைப் பலகையில் சிவப்பு எழுத்தில் பெரிதாக என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? 'டிங்கரிங் ஒர்க்ஸ்'. மதுரையில் இந்தப் பலகை இல்லாத ரோடு கிடையாது. டிங்கர் என்றால் இங்கே கைத்தொழில்காரர், மெக்கானிக்குக்குச் சமமாகக் கூலி பேசுகிறவர், ரெண்டு பையன்களை வேலைக்கு வைத்துக்கொண்டு அதட்டுகிறவர். அந்தச் சொல்லுக்கு அது பிறந்த ஊரில் கிடைக்காத மரியாதையை நாம் கொடுத்து வைத்திருக்கிறோம்.

அவர் கேட்டுவிட்டு, கையிலிருந்த மரச்சுத்தியைக் கீழே வைக்காமலே, "அப்ப அங்க வண்டி நசுங்கினா யாருண்ணே ஒடுக்கு எடுப்பா?" என்றார். அவர்களுக்கு அங்கே வேறு பேர் என்றேன், பேனல் பீட்டர். தகட்டை அடிக்கிறவன்.

"அடிக்கிறவனா? நல்லாருக்கே. அடிச்சவன் வேற ஆளுண்ணே. நான் அடிபட்டத எடுக்கிறவன்" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் அந்த வேன் கதவுக்குப் பின்னால் குனிந்தார். அதன் சீட்டு ரெண்டையும் நான் சனிக்கிழமைக்குள் தைத்துக் கொடுக்க வேண்டும்.